கமெண்டுக்குள் ஒரு சிபாரிசு

1970-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். உலகப்போரில் விமானம் ஓட்டியவர். மக்கார்த்தி காலத்து அமெரிக்கா பிடிக்காமல் கனடாவில் போய்ச் சில வருடம் உட்கார்ந்திருந்தவர். அப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? தகவல்களை வெறும் டேபிள்களாக வையுங்கள், எந்த வழியாக எடுப்பது என்பது கேட்பவர் கவலை இல்லை என்றார். பந்தியில் உட்கார்ந்தவர் ரசம் கேட்டால் போதும், அடுப்பங்கரைக்குள் போய்ப் பாத்திரம் தேட வேண்டாம். ஐபிஎம்முக்கு இது ரசிக்கவில்லை. ஐஎம்எஸ் என்ற அதன் டேட்டாபேஸ் சரக்கு அப்போது அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது.

1973-இல் டூரிங் விருது வாங்கிய சார்லஸ் பாக்மனோ, புரோகிராமர் என்பவன் தகவல் கடலில் வழி கண்டுபிடித்துப் போகும் மாலுமி என்று மேடையில் புகழ்ந்தார். காட் அந்த மாலுமிக்குத்தான் சீட்டுக் கிழிக்கப் பார்த்தார்.

சரி, மாலுமி போனால் வழி யார் பார்ப்பது? அதற்குத்தான் ஆப்டிமைசர். 1979-இல் பாட்ரிசியா செலிங்கரும் ஐபிஎம் சகாக்களும் சிஸ்டம் ஆர் என்ற சோதனை டேட்டாபேஸுக்காக அதன் சூத்திரத்தை வெளியிட்டார்கள். டிஸ்கிலிருந்து எத்தனை பக்கம் எடுக்க வேண்டும், ப்ராசஸர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று கூட்டிப் பார்த்து, மலிவான வழியைப் பிடி. 10 டேபிள்களை வரிசையாகச் சேர்க்க 36,28,800 வழிகள் உண்டு. அத்தனையையும் பார்க்காமல் தப்பிக்க அவர்கள் செய்த ஏற்பாடு அபாரம். இன்றைக்கும் பல டேட்டாபேஸ்கள் அதில்தான் பிழைக்கின்றன.

ஆனால் விவரம் தெரியாத இடங்களில்? சமன்குறி வந்தால் பத்தில் ஒரு பங்கு வரிசைகள் தேறும். 'அதைவிடப் பெரியது' என்று வந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஏன் மூன்று? அந்த எண்ணுக்குத் தனி மகத்துவம் எதுவும் இல்லை என்று கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நாணயமான குத்துமதிப்பு அபூர்வம். போதாததற்கு நிபந்தனைகளுக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு நம்பிக்கை வேறு. ஊர் பாரிஸ், நாடு பிரான்ஸ் என்று கேட்டால், இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது ஆப்டிமைசருக்குப் பேரதிசயம். ஐந்து வரிசைதான் வரும் என்று நம்பி இறங்கும். ஐந்து லட்சம் வந்து நிற்கும்.

இன்னொரு பக்கம் ஆரக்கிள். 1979-இல் விற்பனைக்கு வந்த அதன் முதல் சரக்குக்கே 'வெர்ஷன் 2' என்று பெயர். 1-ஐ யார் வாங்குவார்கள்? அங்கே நெடுங்காலம் விதிப்பட்டியல் ராஜ்ஜியம். இண்டெக்ஸ் இருந்தால் எடு, அவ்வளவுதான். டேபிளில் நாலே வரிசை இருந்தாலும் எடு. சீனியர்கள் நெளிவு சுளிவு கற்றார்கள்: சின்ன டேபிளை ஃப்ரம்மில் கடைசியாக எழுது, இண்டெக்ஸ் வேண்டாம் என்றால் நெடுவரிசையோடு பூஜ்யத்தைக் கூட்டு. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்ன காட், இதைப் பார்த்திருந்தால் மறுபடி கனடாவுக்கே கிளம்பியிருப்பார்.

1992-இல் ஆரக்கிள் 7 செலவுக் கணக்குக்கு மாறியது. கூடவே ஆப்டிமைசருக்குச் சிபாரிசு செய்யும் ஹிண்ட்களும் வந்து குவிந்தன. எங்கே எழுதுவது? கமெண்டுக்குள், ஒரு கூட்டல் குறி போட்டு. எழுத்துப்பிழை விட்டாலோ, டேபிளுக்குச் சுருக்கப்பெயர் வைத்துவிட்டு ஹிண்ட்டில் முழுப்பெயரை எழுதினாலோ எரர் வராது. சிபாரிசுக் கடிதம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். கணக்கே வேண்டாம், பழைய விதிகளே போதும் என்று கெஞ்சவும் ஒரு ஹிண்ட் இருந்தது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் மட்டும் மடி ஆச்சாரம். ஹிண்ட்டா, கூடவே கூடாது! புள்ளிவிவரத்தைச் சரிசெய், எங்களிடம் சொல், ஆப்டிமைசரையே திருத்துகிறோம் என்பார்கள். ஆனால் முழு டேபிளையும் படிப்பதை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. அதை அணைத்தால், அந்த வழியின் செலவில் 1,000 கோடியைக் கூட்டிப் பயமுறுத்துவார்கள். வேறு வழியே இல்லை என்றால் அதிலேயே போவார்கள். பல வருடங்கள் இதுதான் நடைமுறையாக இருந்தது. பொறுக்காத ஜப்பானின் என்டிடி ஆட்கள் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினார்கள்: அதே கமெண்ட், அதே கூட்டல் குறி. அதுவும் கிடைக்காதவர்கள் சப்-குவெரியின் கடைசியில் 'ஆஃப்செட் 0' என்று எழுதுகிறார்கள். ஒன்றையும் தாண்டாதே என்பதுதான் அதன் பொருள். ஆப்டிமைசரும் அந்தச் சப்-குவெரியைப் பிரித்து மேயாமல் விட்டுவிடுகிறது. இதை ஹிண்ட் என்று சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள்.