இத்துடன் வளைத்துள்ளேன்

பீட்டர்பரோ, இங்கிலாந்து,
ஞாயிறு மாலை, மழை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"பாப்பா போட்டோ வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், கவரை உதறினேன், காற்றுதான் வந்தது" என்று எழுதியிருந்தீர்கள். தப்பு என்னுடையதுதான். போட்டோ இங்கே ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. இதே கதி இந்த நாட்டு ஆபீஸ் ஒன்றுக்கும் நேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கோபம் கொஞ்சம் தணியும்.

ஒரு படிவத்தோடு செக் அனுப்ப வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்த தாலுகா ஆபீஸ் இங்கிலீஷில் 'ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்டு ஹியர்வித்' என்று ஜம்மென்று ஆரம்பித்தேன். கையெழுத்துக்குக் கீழே 'என்க்: 1' என்று போட்டேன். செக்கை மட்டும் வைக்கவில்லை. பத்து நாளில் பதில் வந்தது: தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. தயவுசெய்து கண்டுபிடியுங்கள் என்று எழுதியவன் நான்தானே, பாவம், தேடியிருக்கிறார்கள். அவர்கள் கடிதத்தின் அடியிலும் 'என்க்: 1'. உள்ளே புதுப் படிவம் சமர்த்தாக மடிந்திருந்தது.

இந்த 'என்க்ளோஸ்' என்கிற வினைச்சொல்லால் ஆபீசிலும் மானம் போயிற்று. ஈமெயிலில் 'என்க்ளோஸ்டு' என்று எழுதிவிட்டேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர், எட்டிப் பார்த்துச் சிரித்தார். மெயிலோடு ஒட்டிக்கொண்டு போனால் 'அட்டாச்', நாலு பக்கமும் அடைத்தால்தான் 'என்க்ளோஸ்' என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்கள் ஊரையே விழுங்கிய சொல் அது. சனிக்கிழமை வா, காட்டுகிறேன்" என்றார்.

கூட்டிப்போன இடம் ஹெல்ப்ஸ்டன். இங்கிருந்து ஏழெட்டு மைல். கல் வீடுகள், ஒரு சர்ச், சுற்றிலும் பச்சை. அதைப் பார்த்து நான் 'ஆகா' என்றேன். அவர் வேலியைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு முள் புதர், தைத்த மாதிரி நெருக்கமாக. விரலை விட்டுப் பார்த்தேன், நம் ஊர்க் கருவேலமுள்ளுக்குத் தங்கை மாதிரி குத்தியது. ஹாதார்ன் என்று பெயர்.

உங்கள் பாஷையில் சொல்கிறேன், நீங்கள்தான் இருபது வருடம் அடங்கல் எழுதியவராயிற்றே. இந்த வேலிகள் வருவதற்கு முன்பு ஊரைச் சுற்றிப் பெரிய திறந்த வயல்கள். ஒவ்வொரு குடிக்கும் அதில் அங்கொரு பட்டை, இங்கொரு பட்டை. நடுவில் வேலி கிடையாது. அறுப்பு முடிந்தால் தாளில் ஊர் மாடெல்லாம் மேயும். தள்ளி மேய்க்கால் புறம்போக்கு. காணி நிலம் இல்லாதவனும் அங்கே ஒரு பசுவை ஓட்டலாம், சுள்ளி பொறுக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியதன் பெயர்தான் 'என்க்ளோஷர்'. சட்டப் புத்தகத்தில் மட்டும் 'ஐ' போட்டு 'இன்க்ளோஷர்' என்று எழுதுகிறார்கள். எழுத்து மாறினால் நிலம் திரும்பி வரும் என்று யாரும் ஏமாற வேண்டாம்.

நடைமுறை கேளுங்கள். பெரிய நிலக்காரர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் முக்கால்வாசி பெரிய நிலக்காரர்கள். சர்ச் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். படிக்கத் தெரியாதவன் கதவைப் பார்த்துவிட்டுப் போவான். பிறகு கமிஷனரும் சர்வேயரும் சங்கிலியோடு வருவார்கள். யாருக்கு எந்தத் துண்டு என்று எழுதின கடைசிப் பத்திரத்துக்குப் பெயர், சிரிக்காதீர்கள், 'அவார்டு'. வேலி போடும் செலவு அவரவர் தலையில். சின்னத் துண்டுக்காரனுக்கு முள்ளுச்செடி வாங்கக் காசு இருக்காது, துண்டை விற்றுவிட்டுக் கூலிக்குப் போவான். பாட்டன் காலத்திலிருந்து பசு ஓட்டினவன் காகிதம் காட்ட முடியாவிட்டால் அதுவும் இல்லை. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200 சட்டங்களுக்கு மேல், சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட.

ஹெல்ப்ஸ்டனுக்குச் சட்டம் வந்தது 1809ல். அப்போது அங்கே ஜான் கிளேர் என்று ஒரு கூலிக்காரர் மகன், பதினைந்து பதினாறு வயது. தான் சுற்றித் திரிந்த மேய்ச்சல் வெளியெல்லாம் அடைபடுவதைப் பார்த்துப் பார்த்துக் கவிதையாக எழுதித் தள்ளினார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அந்த வேலியை நடுகிற கூலிவேலைக்கும் அவரே போனார். 1820ல் லண்டனில் அவர் முதல் புத்தகம் வந்தது. அதே வருடம் ஊருக்கு 'அவார்டும்' வந்தது. பிற்பாடு மனம் பேதலித்து, எசெக்ஸ் பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள். 1841ல் அங்கிருந்து வெளியேறி, பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றுகொண்டு, எண்பது மைல் நடந்தே வீட்டுக்கு வந்தார். அந்த வருடக் கடைசியிலேயே நார்தாம்ப்டனில் மறுபடி அடைத்தார்கள். 1864ல் அங்கேயே காலம் முடிந்தது. அவர் பிறந்த குடிசை இப்போது அருங்காட்சியகம். உள்ளே போனவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

திரும்பி வரும்போது காரில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாம் கவருக்குள் 'வைக்கிறோம்'. ஆட்டைப் பட்டியில் 'அடைக்கிறோம்'. தோட்டத்துக்கு வேலி 'கட்டுகிறோம்'. ஊர்ச் சொத்தை ஒருத்தன் சுற்றிக்கொண்டால் 'வளைத்துப் போட்டான்' என்கிறோம், சொல்லும்போதே வாய் கோணுகிறது. இவர்களுக்கு நாலுக்கும் ஒரே சொல். 'என்க்ளோஸ்' என்றால் யாருக்கும் கோபம் வராது, கவர் ஒட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. நாம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டபோது அந்தச் சொல்லின் கவரை மட்டும்தான் நமக்குக் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

இன்னும் இரண்டு வேடிக்கை. இங்கே பணக்காரர் மாளிகைகளில் வேலியே கண்ணுக்குத் தெரியாது. புல்வெளி முடிகிற இடத்தில் பள்ளம் தோண்டி, உள்பக்கம் சுவர் எழுப்பியிருப்பார்கள். ஆடு உள்ளே வராது, துரையின் பார்வைக்கும் தடை இல்லை. அதன் பெயர் 'ஹாஹா'. சத்தியமாக, அகராதியில் இருக்கிறது. இன்னொன்று, அஸ்காட் குதிரைப் பந்தயத்தில் 'ராயல் என்க்ளோஷர்' என்று ஓர் அடைப்பு. ஆண்கள் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுத்தான் நுழைய வேண்டும், புதிதாக வருகிறவருக்குப் பழைய ஆட்களின் சிபாரிசு வேண்டும். ஏழையின் பசு வெளியே நிற்கிற அடைப்பும் அதே சொல், பெரிய மனிதர் ஆசையாய்ப் போய் நிற்கிற அடைப்பும் அதே சொல்.

தம்பி போன வாரம் போனில் பேசினான். நம் மந்தைவெளியின் வடக்கு மூலையில் யாரோ புதிதாகக் கல் ஊன்றியிருக்கிறார்களாம், "சும்மா குப்பை போடாமல் இருக்க" என்கிறார்களாம். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். தாலுகா ஆபீசில் உங்கள் பழைய சிநேகிதர்கள் யாராவது இருந்தால் 'அ' பதிவேட்டை எடுத்து, அது இன்னமும் புறம்போக்காகத்தான் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். கம்பி கட்டுவதற்குள் பாருங்கள், சித்தப்பா.

சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை.

இத்துடன்: பாப்பா போட்டோ 2. ஒட்டுவதற்கு முன் இரண்டு தடவை எண்ணி வைத்தேன்.