மாமா பதில்கள்: நாலு பேர் செய்த கேம்

'இண்டி கேம், இண்டி கேம்' என்று பையன் உயிரை விடுகிறான். அதை யார்தான் செய்கிறார்கள்? (ஜங்லிகாட்)

பெரிய கம்பெனியின் பணமும் இல்லாமல், அதட்டலும் இல்லாமல் ஓரிருவர், நாலைந்து பேர் சேர்ந்து செய்வது. ஜப்பானின் டைசுகே அமாயா 'கேவ் ஸ்டோரி'யைத் தனியாளாக ஐந்து வருடம் செதுக்கி, 2004இல் இலவசமாகவே கொடுத்தார். கதை, படம், இசை, சண்டை எல்லாம் அவரே. நம் டி. ராஜேந்தர் ஓடிப்போய்க் கைகுலுக்க வேண்டிய மனிதர்.

கேம் என்றால் சண்டையும் தேடலும் என்கிறான் பையன். சண்டை புரிகிறது. 'தேடல்' எங்கே வருகிறது? (டெலானிப்பூர்)

'ஹாலோ நைட்' ஆடிப் பாருங்கள். புது இடத்தில் கால் வைத்தால் கையில் வரைபடம் இருக்காது. தரையில் காகிதம் சிதறிக் கிடக்கும், எங்கோ ஒருவர் ராகம் முனகுவது கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு அவரைக் கண்டுபிடித்து, காசு கொடுத்து வரைபடம் வாங்க வேண்டும். அதுவும் அரைகுறைதான். மீதியை நீங்கள் நடந்து, அடிபட்டு, ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்தால்தான் கோடு விழும். அம்பு போட்டு வழிகாட்டும் கேம்களில் இந்தச் சுகம் கிடையாது.

அதைச் செய்தவர்கள் கோடீஸ்வரர்களா? (அபர்தீன் பஜார்)

தொடங்கும்போது இல்லை. அடிலெய்டு நகரத்து 'டீம் செர்ரி' 2014இல் பொதுமக்களிடம் திரட்டியது சுமார் 57,000 ஆஸ்திரேலிய டாலர். கேம் வந்தது 2017இல். அடுத்த பாகம் 'சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4 அன்று வந்தபோது, விற்கும் இணையக் கடைகளே திணறி நின்றன. அதே சமயத்தில் வெளிவரவிருந்த வேறு சில கேம்கள் தேதியைத் தள்ளிப்போட்டன. ரஜினி படத்தோடு மோத யாருக்கு மனசு வரும்?

ரம்மி ஆடிப் பணத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்து பயந்துபோயிருக்கிறேன். இதுவும் அப்படித்தானே? (ஓர் அப்பா, மாயாபந்தர்)

உங்கள் பயம் நியாயம், குற்றவாளி வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமே போட்டுவிட்டது. நான் சொல்லும் கேம்களில் ஒருமுறை விலை கொடுத்தால் கதை முடிந்தது. பையன் தோற்றால் உயிர் போகும், கேமுக்குள். உங்கள் பர்ஸ் பத்திரம்.

எல்லாமே வெட்டுக் குத்துதானா? (ஹேவ்லாக்)

'சப்நாட்டிகா'வில் அந்நியக் கிரகத்துக் கடலுக்குள் முக்குளிக்க வேண்டும். 2012இல் அமெரிக்கப் பள்ளியொன்றில் நடந்த துப்பாக்கிச்சூடு மனதை அறுத்ததால், கொல்லும் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தார் இயக்குநர். 'அவுட்டர் வைல்ட்ஸ்' 22 நிமிடத்தில் சூரியனை வெடிக்கவைத்து உங்களை முதல் இடத்துக்கே துரத்திவிடும். கையில் மிஞ்சுவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

மீன்பிடிக்கிற எங்களுக்கு ஏதாவது உண்டா? (ஹட் பே)

'ட்ரெட்ஜ்', 2023, நியூசிலாந்து நிறுவனம். தீவுக்கூட்டம், ஒரு சின்னப் படகு, வலை. இருட்டியும் கரை திரும்பாவிட்டால் பதற்றம் ஏறி, இல்லாத பாறை முன்னால் முளைக்கும். உங்களுக்குத் தெரியாததா?

தமிழன் யாராவது செய்திருக்கிறானா? (கட்சால்)

டொரண்டோவின் விசாய் கேம்ஸ் 2023இல் கொண்டுவந்த 'வெண்பா', கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆக்‌ஷன் எல்லாம் அடுப்படியில். இட்லி அவித்தே 2024இல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது! வாளும் திரிசூலமும் வேண்டுமென்றால் புனேயில் செய்த 'ராஜி' (2020). மக்களிடம் நிதி கேட்டார்கள், போதவில்லை. விட்டார்களா?

வடக்கு சென்டினல் தீவில் இறங்கிச் சண்டை போடுவதாக ஒரு கேம் செய்தால்? (கல்லூரி மாணவர்)

செய்யாதே தம்பி. அங்கே போவதை, பழங்குடிகளைக் காக்கும் 1956ஆம் வருட ஒழுங்குமுறைச் சட்டமே தடுக்கிறது. நம்மை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன மக்களைத் திரையில்கூட வில்லனாக்காதே.

பிறகு எங்கள் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கேமுக்கு என்னதான் இருக்கிறது? (டிக்லிப்பூர்)

என்ன இல்லை? பாரன் தீவில் உயிருள்ள எரிமலை. பாராடாங்கில் சேறு கொப்பளிக்கும் குன்றும் சுண்ணாம்புக் குகையும். இரவில் இறங்கி, தேங்காயைக் கொடுக்கால் உடைக்கும் ராட்சத நண்டு. இதைவிட நல்ல 'பாஸ்' வில்லன் எந்த ஸ்டுடியோவில் கிடைக்கும்? அடைகாக்காமல் மண்மேட்டுச் சூட்டில் முட்டை பொரிக்கவைக்கும் நிக்கோபார் மெகாபோடு பறவை. 2004 சுனாமியில் நிலம் நாலு மீட்டருக்குமேல் தாழ்ந்து, கடல்நீரில் நிற்கும் இந்திரா முனை கலங்கரை விளக்கம்.

சின்ன ஊர் என்று சாக்கு சொல்ல வேண்டாம். பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியாவில் மூன்று லட்சம் பேர்கூட இல்லை. அங்கே வளர்ந்த இரண்டு நண்பர்கள் தங்கள் தீவையே மாதிரியாக வைத்து 'ச்சியா' செய்தார்கள். பாத்திரங்கள் பேசுவது உள்ளூர் ட்ரெஹு மொழி, நாயகி கையில் உகுலேலே. 2024இல் அதற்கும் பாஃப்டா. 2011 கணக்கெடுப்பில் நாம் 3,80,581 பேர். ஆள் போதும்!

இங்கே நெட் இழுக்குமா மாமா? (ரங்கத்)

செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலம் 2020 ஆகஸ்ட் 10உடன் போயிற்று. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள், உங்கள் ரங்கத்துக்கும் சேர்த்து. 'ஹாலோ நைட்' ஒன்பது ஜி.பி.தான். இழுங்கள்.

நான் செய்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? (பிளஸ் டூ மாணவி, கார் நிக்கோபார்)

கோடோ என்ற மென்பொருள். இலவசம், 2014 முதல் திறமூலம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். முதல் நாளே முழுத் தீவையும் கட்டப் பார்க்காதே. ஒரு குகை, ஒரு தாவல், பூட்டிய ஒரு கதவு. சாவியை எங்கே ஒளித்தாய் என்று எனக்கு மட்டும் சொல்லாதே, நானே தேடிக்கொள்கிறேன். முடித்ததும் அனுப்பு, தங்கச்சி.