மூடியைத் திறக்காதீங்க!

எங்க வீட்டுக்காரர் வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்தும் தணிக்கையை விடவில்லை. டிசம்பரில் பெங்களூரு மகள் வீட்டுக்குப் போனபோது, அவர் கையில் சிக்கியது இட்லி மாவு.

மாவு விஷயத்தில் மனுஷர் மெனக்கெட வேண்டிய இடங்கள் உண்டு. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்டணும். கிரைண்டர் சூடேறினால் மாவு காணாது. ஆட்டிய உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். அரிசி மெல்லிய ரவைப் பதத்தில் நிற்கணும். கல் உப்பு போட்டு, கையால் அடித்துக் கலக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி மூடணும். இதில் எதையும் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று விட முடியாது. பிட்டுக்காக அவன் மண் சுமந்தது உண்மைதான். உளுந்து ஊறவைத்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

மூடியாச்சா? இனி உளுந்தோடு வந்த நுண்ணுயிரிகள் பாடு. லியூகோனோஸ்டாக் என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவை விடும் வாயுதான் மாவைத் தூக்குகிறது. 30 டிகிரி பக்கம் இருந்தால் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும். சென்னையில் எட்டு மணி நேரம் தாராளம். 15, 16 டிகிரிக்கு இறங்கும் பெங்களூரு ராத்திரியில் பன்னிரண்டு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

இவருக்கு அதெல்லாம் ஆகாது. பத்து மணிக்கு மூடியைத் தூக்கினார். “எழும்பவே இல்லையே!” கரண்டியை விட்டு ஒரு கிளறு. பதினொன்றுக்கு மறுபடி. உள்ளே இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் மூடி வழியாகப் போச்சு. நடு ராத்திரியில் எழுந்து வந்து பார்த்தால், ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை மாவில் செருகிக்கொண்டு நிற்கிறார். அது ‘லோ’ என்று காட்டியதும், ஜன்னி கண்ட பிள்ளைக்குச் செய்வது மாதிரி என் சால்வையை எடுத்துப் பாத்திரத்துக்குப் போர்த்தினார்.

“ஏங்க, அது பாட்டுக்கு இருக்கட்டுமே.”

“ஃபாலோ அப் இல்லாம எதுவும் நடக்காதும்மா.”

“இத்தனை வருஷமா நீங்க தூங்கும்போதுதான் மாவு பொங்கியிருக்கு.”

காலையில் இட்லிக்குப் பதில் உப்புமா.

மாப்பிள்ளை இதற்கு நேரெதிர். கம்பெனியில் ஏதோ தியான வகுப்பு நடத்துகிறார்களாம். அதில் கற்றது ஒன்றே ஒன்று: “லெட் கோ.” கரண்ட் பில்லும் லெட் கோ, கேஸ் புக் பண்ணுவதும் லெட் கோ. மாவைப் பொறுத்தவரை அவர் மேல் எனக்கு இவரை விடப் பயம் அதிகம். பொங்கிய மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க ஒரு கை வேணுமே! சும்மா இருப்பதன் சுகத்தைப் பாடிய ஞானிகள் யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் மாவு ஆட்டியது வேறு யாரோ.

அடுத்த முறை நான் உஷாராகிவிட்டேன். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, விளக்கை மட்டும் போட்டேன். அந்தச் சூடே மாவுக்குப் போதும். “யாரும் தொடக் கூடாது” என்று இவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “பொங்கினதும் எடுத்து வெச்சிடுங்க மாப்பிள்ளை” என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, மகளோடு மல்லேஸ்வரம் போனேன்.

திரும்பி வந்தால், ஓவன் கதவிடுக்கு வழியாக மாவு தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கூடத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். இவர் ஓவனுக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் டயரியோடு இருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். ‘11.40: மூடி அசைந்தது. 11.55: மூடி விழுந்தது. 12.10: வழிய ஆரம்பம்.’

“பார்த்துக்கிட்டே இருந்தீங்களா? எடுத்து வைக்கிறதுக்கென்ன?”

“நீதானே தொடக் கூடாதுன்னே!”

சத்தம் கேட்டு மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். தரையைப் பார்த்தார். “லெட் கோ, அத்தை” என்றார்.

துடைக்கிற துணியை அவர் கையில் கொடுத்தேன். பக்கெட்டை இவரிடம்.