அழைப்பு ஒருவருக்கு, பயணம் எல்லோருக்கும்

கேள்வி: கடவுளின் அழைப்பு ஒருவருக்கு வந்தால், வீட்டாருக்கும் வந்ததாகத்தானே அர்த்தம்?

பதில்: வில்லியம் கேரிக்கு வந்தது, மனைவி டாரத்திக்கு வரவில்லை. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பின்னர் போதகரான கேரி, 1793இல் இந்தியா செல்ல முடிவெடுத்தார். கர்ப்பிணியான டாரத்தி மறுத்துவிட்டார். மூத்த மகன் பீலிக்ஸுடன் கப்பலேறிய கேரி, உரிமம் இல்லாததால் இறங்க வேண்டியதாயிற்று. அழைத்தவர் கடவுள்; அனுமதி தர வேண்டியது கிழக்கிந்தியக் கம்பெனி! அந்தத் தாமதத்திற்குள் குழந்தை பிறந்தது. தன் சகோதரி கேத்தரினும் வருவதானால் சரி என்று, வற்புறுத்தலுக்குப் பிறகு டாரத்தி இசைந்தார்.

வங்காளத்தில் வறுமையும் காய்ச்சலும் காத்திருந்தன. 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டாரத்தியின் மனநிலை குலைந்தது. கணவருக்கு வேறு பெண்களோடு தொடர்பு என்று நம்பினார், கத்தியோடும் பாய்ந்தார். ஆண்டுக்கணக்கில் அறையில் அடைபட்டிருந்தார். அதே வீட்டில்தான் கேரியின் விவிலிய மொழிபெயர்ப்பு வேலை நடந்தது. வங்காள மொழிப் புதிய ஏற்பாடு 1801இல் அச்சேறியது. 1807இல் டாரத்தி இறந்தார். மறு ஆண்டே கேரி சார்லட் என்பவரை மணந்தார். டாரத்தியைக் கணவரின் பணிக்கு முட்டுக்கட்டை என்று பழைய வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதியது அநியாயம்.

கேத்தரினின் கதை வேறு: கம்பெனி அதிகாரி ஒருவரை மணந்து தனிக்குடித்தனம் போனார். பீலிக்ஸ் மிஷனரியாகப் பர்மா சென்று, அந்நாட்டு அரசரின் தூதரானார். அதைத் தந்தை பதவி உயர்வாகக் கருதவில்லை.