பேட்டரி மேல் போட்ட பழி

மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஈபி மீட்டரைப் படிக்க அப்பா எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு படுக்கைவாட்டில் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. 600 சுற்றுக்கு 1 யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு 60 வாட் குண்டு பல்பை மட்டும் எரியவிட்டால், அந்தக் கோடு ஒரு முறை போய்த் திரும்பி வர 100 விநாடி ஆக வேண்டும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார். அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டால் எங்கோ ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் சாப்பாடு. கையில் வேறு கருவி எதுவும் இல்லாத பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், தன் வீட்டுக்குள் வரும் மின்சாரத்தை வாட் கணக்கில் தெரிந்துவைத்திருந்தார். அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

செல்போன் வந்ததும் இந்தக் கணக்கு அறுந்துபோயிற்று. காரணம் இருக்கிறது. 2000களின் நடுவில் எங்கள் கைக்கு வந்த நோக்கியாவின் மெல்லிய சார்ஜரில் 5 வோல்ட், 350 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 1.75 வாட். அப்பாவின் அலுமினியத் தட்டு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பேட்டரி ஏறத்தாழ 1000 எம்ஏஎச். இரவில் மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும். மூன்று நான்கு நாள் தாங்கும். சார்ஜர் விஷயத்தில் ஊரில் இருந்த ஒரே கேள்வி, சின்ன பின்னா, பெரிய பின்னா என்பதுதான். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில் யாருடைய சார்ஜரையும் யாரும் வாங்கி மாட்டலாம். பின் பொருந்தினால் போதும், மற்றது தானாக நடக்கும். எதையும் அளக்க வேண்டிய தேவையே அப்போது எழவில்லை.

பிறகு இரண்டு விஷயங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. பெரிய திரை வைத்த போன் ஒன்று; மின்வெட்டு இன்னொன்று. 2012இல் மதுரையில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் வரும், அடுத்த மணி நேரம் போகும். வந்த அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மோட்டார் போட வேண்டும், மாவு அரைக்க வேண்டும், போனும் ஏற வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் போனுக்குள் எவ்வளவு போகிறது என்பது முதல் முறையாகக் கவலைப்பட வேண்டிய விஷயமாயிற்று. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள எங்களிடம் வழி எதுவும் இல்லை. சார்ஜரைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை வைத்து ஒருவர் தீர்ப்புச் சொல்வார். திரையில் பேட்டரி படம் ஓடும் வேகத்தைப் பார்த்து இன்னொருவர் சொல்வார். அது எல்லா சார்ஜருக்கும் ஒரே வேகத்தில் ஓடும் வெறும் படம். ஏறவில்லை என்றால் பேட்டரி போச்சு என்பதுதான் முடிவு. எங்கள் தெருவில் மட்டும் அந்த ஓரிரண்டு ஆண்டுகளில் எத்தனை பேட்டரிகள் குப்பைக்குப் போயின என்று நினைத்தால் மனது வலிக்கிறது. பாதிக்கு மேல் நல்ல பேட்டரிகளாகத்தான் இருந்திருக்கும் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையைத் தந்தது கட்டைவிரல் நீளத்தில் ஒரு கருவி. சென்னை ரிச்சி தெருவில், ஐசிகளும் கனெக்டர்களும் குவித்து வைத்திருக்கும் கடை ஒன்றில் வாங்கினேன். ஒரு முனை சார்ஜரில் நுழையும். மறுமுனையில் கேபிளை மாட்ட வேண்டும். நடுவில் சிவப்பு எண்கள். 5.09 என்று சில விநாடி காட்டும், அது வோல்ட். பிறகு 0.47 என்று காட்டும், அது ஆம்பியர். இவ்வளவுதான். உள்ளே வேலை செய்வது ஒரு சின்னஞ்சிறு ரெசிஸ்டர். ஓமில் நூறில் சில பங்குதான் அதன் மதிப்பு. போனுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அப்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே எழும் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசத்தை அளந்து, ஆம்பியராக மாற்றிக் காட்டுகிறது. கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினால் வாட், எம்ஏஎச், வாட் மணி, எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் ஒரே திரையில் காட்டும். அப்பா கைக்கடிகாரம் வைத்துப் போட்ட கணக்கை அதுவே போட்டுவிடுகிறது.

சித்தியின் போனைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்ல வேண்டும். “போன் செத்துப் போச்சுடா. ராத்திரி பூரா மாட்டி வச்சாலும் அறுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது. பேட்டரிய மாத்துனாலும் பிரயோஜனமில்ல, வேற வாங்கிக்கங்கன்னு கடைக்காரத் தம்பி சொல்லிட்டான்” என்றார். மீட்டரை நடுவில் மாட்டினோம். சார்ஜரில் இருந்து 5.1 வோல்ட் ஒழுங்காக வந்தது. ஆம்பியர் 0.4ஐத் தாண்டவில்லை. சார்ஜரையும் போனையும் மாற்றாமல், பேரனின் கேபிளை மட்டும் வாங்கி மாட்டினோம். எண் 0.9, 1.2 என்று நகர்ந்து 1.5இல் நின்றது. அதே சார்ஜர், அதே போன், அதே பேட்டரி.

“அப்ப போனுக்கு ஒண்ணுமில்லையா?”

“ஒண்ணுமில்ல சித்தி. ஒயர்தான்.”

சித்தி அந்தப் பழைய ஒயரைக் கையில் எடுத்து, இவ்வளவு நாள் இதுவா என்பது போலப் பார்த்தார். ஏழாயிரம் எட்டாயிரம் கொடுத்து வேறு போன் வாங்குவதற்குப் பென்ஷன் பணத்தை எடுத்து வைத்திருந்தார்.

ஒயர் எப்படி இப்படிச் செய்கிறது? பழைய வகை கேபிளின் மேல் தோலில் பொடி எழுத்தில் 28, 24 என்று எண்கள் இருக்கும். அவை உள்ளே இருக்கும் கம்பியின் கனம். எண் கூடக் கூடக் கம்பி மெலிதாகும். 24ஆம் எண் கம்பி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 28ஆம் எண் அதைவிட மெலிதாக 0.32 மில்லிமீட்டர். மின்சாரம் சிவப்புக் கம்பியில் போய்க் கறுப்புக் கம்பியில் திரும்புவதால், 1 மீட்டர் கேபிள் என்றால் 2 மீட்டர் கம்பி. 28ஆம் எண் செம்புக் கம்பியில் அந்த 2 மீட்டருக்கு 0.43 ஓம் தடை. 2 ஆம்பியர் போனால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும்; சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனின் வாசலுக்கு 4.15 வோல்ட்தான் வந்து சேரும். 24ஆம் எண் என்றால் இழப்பு 0.34 வோல்ட் மட்டுமே. வோல்ட் சரிவதைக் கண்டதும், இன்றைய போன்கள் பல தாமாகவே வாங்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்கின்றன. செம்பு என்று சொல்லி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தடை இன்னும் கூடுதல்.

கனமான கம்பி இருந்தும் ஏறாத கேபிளும் உண்டு. அதில் குற்றம் பச்சை, வெள்ளைக் கம்பிகளில். இவை தகவல் போகும் கம்பிகள். 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 கணக்குப்படி கம்ப்யூட்டரின் துளையில் இருந்து 500 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். சுவர் சார்ஜர் கூடுதலாகக் கொடுக்கும் என்பதைப் போனுக்கு எப்படிச் சொல்வது? சார்ஜருக்குள் பச்சையையும் வெள்ளையையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். போன் அதைத் தொட்டுப் பார்த்து, இது சுவர் சார்ஜர், 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளும். மடங்கி மடங்கி அந்த மெல்லிய கம்பி உள்ளே அறுந்துவிட்டால், போனுக்கு யாரிடம் வாங்குகிறோம் என்பதே தெரியாது. பயந்து பயந்து 500க்குள் எடுக்கும். மீட்டரில் எண் 0.45, 0.48 என்ற இடத்திலேயே அசையாமல் நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பவர் பேங்க் கணக்கையும் இந்தக் கருவிதான் எனக்குப் புரியவைத்தது. 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட் மணி. வெளியே வருவது 5 வோல்ட்டில் என்பதால் எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 7,400 எம்ஏஎச்தான் கிடைக்கும். மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் 6,000ஐ ஒட்டி வந்தாலே அது நேர்மையான பவர் பேங்க். நல்ல தயாரிப்பாளர்கள் பின்பக்கத்தில் இந்த இரண்டாவது எண்ணையும் அச்சிடுகிறார்கள். நடைபாதையில் வாங்கிய ஒன்று 20,000 என்று மார்தட்டியது. மீட்டரில் காலியாகும்வரை ஓடவிட்டால் 2,000ஐ எட்டவில்லை. விற்றவரைக் கேட்டால், “உங்க போன்ல கோளாறு சார்” என்றார். அந்த வார்த்தைக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. வாங்கியவரின் சொந்தப் பொருளின் மேலேயே பழியைத் திருப்பிவிடுகிற வித்தை அது. எழுதப் படிக்கத் தெரிந்தவரும் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வருகிறார்.

இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 67 வாட் சார்ஜர் சாதாரணமாகக் கிடைக்கிறது. அப்பாவின் குண்டு பல்பைவிடக் கூடுதல். 2021இல் வந்த விதிப்படி டைப்-சி கேபிள் ஒன்றில் 48 வோல்ட், 5 ஆம்பியர், 240 வாட் வரை போகலாம். சார்ஜரும் போனும் முதலில் பேசிக்கொண்டு, 5 வோல்ட்டா, 9 வோல்ட்டா, 20 வோல்ட்டா என்று முடிவு செய்த பிறகே கூடுதல் வோல்ட் வரும். 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால், கேபிளின் தலைக்குள் தன்னை அடையாளம் சொல்லும் சிப் இருக்க வேண்டும். இத்தனை பேச்சுவார்த்தை நடக்கும் இடத்தில் தவறான ஒயர் என்ன செய்யும் என்பதை 2016 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் கடையில் விற்கும் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து வந்தார். ஒரு கேபிளில் மின்சாரம் வரும் கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறியிருந்தன. மாட்டியதும் அவருடைய லேப்டாப் பழுதாயிற்று; சோதிக்க நடுவில் வைத்த அளவுக் கருவிகளும் போயின. அடுத்த மாதமே, விதிக்குப் பொருந்தாத டைப்-சி கேபிள்களை அமேசான் தடை செய்தது. ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்து அளந்ததால் கிடைத்த பலன் இது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுப் போன்களுக்கு டைப்-சி துளை கட்டாயம். இங்கும் எல்லாப் போனும் அந்தத் துளைக்கே வந்துகொண்டிருக்கிறது. போன் பெட்டியில் சார்ஜர் வைப்பதைப் பல நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. பின் பொருந்தினால் போதும் என்ற நோக்கியா காலம் திரும்பியது போலத் தோன்றும். ஆனால் ஒரே துளைக்குள் 2.5 வாட்டும் 240 வாட்டும் போகிற காலம் இது. போன் ஒருவருடையது, சார்ஜர் இன்னொருவருடையது, ஒயர் மூன்றாமவருடையது. குறை வந்தால் மூவரில் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

“கரண்ட் பில்லு ஏறுமாடா?” என்று சித்தி கேட்டதற்கும் மீட்டரிலேயே விடை இருந்தது. அவருடைய போன் காலியில் இருந்து நிறைய 20 வாட் மணிக்குச் சற்று மேல். சுவரில் வீணாவதையும் சேர்த்து 25 என்றே வைத்துக்கொள்வோம். தினமும் முழுதாக ஏற்றினாலும் ஆண்டுக்கு 10 யூனிட்டை எட்டாது. அதன் பிறகு பாதியில் பிடுங்கிவிட்டு வெளியே ஓடுவதை அவர் நிறுத்திவிட்டார்.

இந்த மீட்டர் சொல்லாததும் உண்டு. மலிவான சார்ஜருக்குள் 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரிக்கும் காப்பு சரியாக இருக்கிறதா என்று அது காட்டாது. எண் எவ்வளவு அழகாக வந்தாலும், தொட்டால் சுள்ளென்கிற சார்ஜரை வீட்டில் வைக்கக் கூடாது. அதைப் பார்க்க வேண்டியது தர முத்திரை கொடுப்பவர்களின் வேலை. தராசுக்கு முத்திரை வைக்கச் சட்டம் இருக்கிற நாட்டில், கேபிள் உறையின் மேல் கம்பியின் எண்ணையும், அது செம்பா அலுமினியமா என்பதையும், பவர் பேங்கின் மேல் உண்மையில் வெளியே வரும் அளவையும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்வது கடினமான காரியமில்லை. அது வரும்வரை, செல்போன் ரிப்பேர் கடை ஒவ்வொன்றிலும் மேசைமேல் ஒரு மீட்டர் கிடக்கட்டும். “பேட்டரி போச்சு” என்று சொல்வதற்கு முன் கடைக்காரர் அதை வாடிக்கையாளர் கண்முன்னே ஒரு தடவை மாட்டிக் காட்டட்டும்.