டாக்டர் வருமுன் இறந்த நோயாளி: ஒரு கால ஆராய்ச்சி

இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்று காலங்களோடு தொல்காப்பியரும் பவணந்தி முனிவரும் திருப்தியடைந்துவிட, நம் பள்ளிக்கூடங்களில் போதிக்கப்படும் ஆங்கில இலக்கணமோ ஒவ்வொன்றையும் நந்நான்காகக் கூறுபோட்டு 12 ஆக்கி வைத்திருக்கிறது. டென்மார்க்குப் பேரறிஞர் ஓட்டோ யெஸ்பர்சனோ ஆங்கில வினைக்கு எதிர்காலமே கிடையாதென்று சாதித்தார். இத்தகைய அபிப்பிராய பேதம் வித்வான்களின் ஜீவனத்துக்கு அவசியமாகையால், அதில் நாம் தலையிடுவது தர்மமாகாது.

சாதாரண நிகழ்காலம்: சூரியன் கிழக்கே உதிக்கிறது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்காலத்துக்குரிய 'ஷால்', 'வில்' இரண்டையும் தன்மை முதலிய இடங்களுக்குப் பங்கிட்டு விதி செய்த ஜான் வாலிஸ், 1653-இல் தம் ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். கணித மேதையான அவரே 1655-இல் முடிவிலிக்கும் ஒரு குறியீடு தந்தார்; தம் விதியைப் பற்றிய தர்க்கம் எவ்வளவு நீளும் என்பதை முன்னுணர்ந்தார் போலும்.

நம் ஆராய்ச்சிக்குரிய விஷயம், 'தி பேஷண்ட் ஹாட் டைடு பிஃபோர் தி டாக்டர் கேம்' என்று தலைமுறை தலைமுறையாகக் கரும்பலகையில் எழுதப்பட்டும் ஒருமுறையேனும் பிழைத்தெழ அனுமதிக்கப்படாத அந்த நோயாளியே. இறந்தகாலத்துக்கும் முற்பட்ட ஓர் இறந்தகாலத்தை மாணாக்கர்க்கு விளக்கும் பொருட்டு மரித்த அவருக்கு வந்த வியாதி இன்னதென்பதில் உரைகாரர்கள் ஒருமைப்படவில்லை. ஜுரம் என்பார் திண்ணை உரைகாரர். டாக்டருக்காகக் காத்திருந்ததே வியாதி என்பார் அவரை மறுத்த நாற்காலி உரைகாரர். அவ்விருவரையும் அதிகாரம் அதிகாரமாகக் கண்டித்து, அச்சேறுமுன்னரே கரையானுக்கு இரையாகி, அக்கரையானையும் கோழி தின்றுவிட்டமையால் இன்று செவிவழியாக மட்டுமே அறியப்படும் மகாபாஷ்யமொன்றின் அடிக்குறிப்புக்கு எழுந்த மறுப்புரையோ, கொன்றவர் இலக்கண ஆசிரியரே எனத் துணிகிறது. மூன்றாம் கட்சியே நமக்கும் சம்மதம்.

ஏனெனில், எது முந்தியது என்பதை 'பிஃபோர்' என்னும் சொல்லே ஐயமறக் காட்டிவிடுவதால், ஆங்கிலேயர் இவ்விடத்தில் 'ஹாட்' இன்றி 'டைடு' என்று மட்டும் சொல்லிப் போவதுண்டு, அது பிழையன்று. 'ஹாட்' மெய்யாகவே வேண்டியிருப்பது, 'வென் தி டாக்டர் கேம்' என்று வாக்கியத்தை மாற்றும்போதுதான். அங்கே வெறும் 'டைடு' என்றெழுதினால், டாக்டர் வந்தார், அதன்மேல் நோயாளி இறந்தார் என்று பொருள்பட்டு, வைத்திய சிகாமணியின் கீர்த்திக்குப் பங்கம் நேர்ந்துவிடும். ஆகவே 'ஹாட்' டாக்டர்களின் க்ஷேமத்துக்காகவே ஏற்பட்டதென்று கொள்வதில் தடையில்லை. நோயாளிக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் கிடையாது.

டாக்டரின் பீஸ் எக்காலத்தில் செலுத்தப்பட்டது என்பதைக் குறித்து நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. நோயாளியின் வாரிசுகள் 'ஹாவ் பீன் பேயிங்' என்பது நம் துணிபு.