ஆங்கில வகுப்பில் யார் பேசுவது?

உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் பேசிப் பழகும் வாய்ப்பு பெரும்பாலும் ஒருவருக்கே கிடைக்கிறது. அவர் ஆசிரியர், அவருக்கு அது முன்பே தெரியும். மாணவர்களுக்கு வாய்ப்பதெல்லாம் "அண்டர்ஸ்டாண்ட்?" என்றதும் ஒரே குரலில் எழும் "யெஸ் சார்!" மட்டுமே. புரியாதவர்களின் குரல்தான் அதில் சற்று ஓங்கி ஒலிக்கும்.

மாணவர்களைப் பேசவைக்கும் முதல் உத்தி காசு செலவில்லாதது: கேள்வி கேட்டபின் சும்மா இருப்பது. அறிவியல் வகுப்புகளைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். 3 விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் திறந்தார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தாலும் தப்பில்லை. அதற்குள் விடையைத் தானே சொல்லிவிடாமல் இருப்பது ஆசிரியருக்குப் பெரும் தவம்.

செயப்பாட்டுவினைப் பாடத்தில் காலங்காலமாக ராமன் ராவணனைக் கொல்கிறான். பிறகு ராவணன் ராமனால் கொல்லப்படுகிறான். எப்படித் திருப்பினாலும் ராவணனுக்கு விமோசனமில்லை. எதற்குத் திருப்பினோம் என்பது மாணவனுக்கும் விளங்குவதில்லை. வகுப்பில் யாருடைய பேனாவாவது காணாமல் போகும் நாளே இந்தப் பாடத்துக்கு ஏற்றது. எடுத்தவர் யாரென்று தெரியாதபோது செயப்பாட்டுவினை தானாகவே வரும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்வி உண்டு. "கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்" என்று மனப்பாடம் செய்தவன் எந்தப் படத்துக்கும் அதையே எழுதுவான். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டவர் சுடுகாட்டில் நிற்பார். அதற்குப் பதிலாக, கரும்பலகையில் மாணவர்களின் ஊரையே வரையலாம்: ரேஷன் கடை, டீக்கடை, பஸ் ஸ்டாப், கண்மாய். ஒருவன் வழி சொல்ல, இன்னொருத்தி சாக்பீஸால் அப்படியே கோடு இழுக்க வேண்டும். இடம் வலம் மாறினால் சாக்பீஸ் கண்மாய்க்குள் இறங்கும், வகுப்பே "ரைட்! ரைட்!" என்று கத்தும். அன்றைய பாடம் அந்தக் கத்தல்தான்.

இதைவிடச் சத்தமானது ஓட்ட டிக்டேஷன். வராந்தாச் சுவரில் நாலு வரி ஒட்டப்படும். ஜோடியில் ஒருவர் ஓடிப்போய்ப் படித்து வந்து சொல்ல, மற்றவர் எழுதுவார். வாசிப்பு, நினைவு, பேச்சு, எழுத்து எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடியும். ஒரு கமாவுக்காகத் திரும்பவும் ஓடுகிறவர்கள் உண்டு.

திருத்தும்போது எல்லாப் பிழைகளையும் சுழித்தால் நோட்டு சிவந்துபோகும். பையன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடுவான். இந்த வாரம் இறந்தகாலப் பிழை மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஆசிரியர், மாணவர் இருவருக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

பொதுத்தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லை, இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். வாரம் ஒரு பாடவேளை போதும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.